டாக்டரை ஏமாத்துறது எப்படி, மாப்ள?

விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு ஒரு பழமொழி இருக்கு பாரு மாப்ள, அதைச் சொன்ன புண்ணியவானுக்குச் சுகர் கெடையாது. காய்ச்சலுக்குக் கசாயம் குடிச்ச காலத்துல எவனோ சொல்லிட்டுப் போனது. நீ என்னடான்னா விருந்தை முப்பது நாளும் வெச்சுக்கிட்டு, மருந்துக்கு மட்டும் அந்த மூணு நாள் கணக்கை எடுத்துக்கிட்ட. பழமொழியில பாதிய மட்டும் காதுல வாங்குறதுல நம்ம பெரம்பலூரு ஆளுங்களை அடிச்சுக்க முடியாது. அரியலூரான் அந்தப் பாதியையும் வாங்க மாட்டான், அது வேற கதை.

கோவப்படாத. உன்னைத் திட்டவா கூப்புட்டேன்? மாத்திரைய எப்படி நேர்த்தியா நிறுத்துறதுன்னு சொல்லிக் குடுக்கத்தான் கூப்புட்டேன். இதுல நம்ம பக்கம் பெரிய பெரிய வித்துவானெல்லாம் இருக்கான். ஒவ்வொருத்தன் வித்தையையும் திண்ணையில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

மொத வித்தை, நோயே இல்லைன்னு சாதிக்கிறது. ‘எனக்குச் சும்மா பார்டர்லதான் இருக்கு மாமா’ன்னு சொன்னியே, அது. என் பேத்தி நர்சிங் படிக்கிறா இல்ல, அவகிட்ட கேட்டேன். வெறும் வயித்துல 100-க்குக் கீழ இருந்தா தேவலை. 100-லேர்ந்து 125 வரைக்கும் பார்டர். ரெண்டு தடவை பாத்தும் 126-க்குக் கொறையலைன்னா அது சுகருதான்னு சொன்னா. உன் சீட்டுல 190-ன்னு எழுதியிருக்கு. பார்டராமில்ல! திருமாந்துறை டோல்கேட்டு, வெள்ளாறு எல்லாத்தையும் தாண்டி நீ உளுந்தூர்ப்பேட்டைக்கே போயிட்டய்யா.

ரெண்டாவது வித்தை உனக்கே தெரியும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை தெறக்கும். நீ மாத்திரைக்கும் அதே மொறைய வெச்சிருக்க. ஆத்தாளுக்கு மத்த நாளு போறதுக்கு வேற எடம் இருக்குன்னு ஐதீகம். உன் சர்க்கரைக்குச் செவ்வாய்க்கெழமை போக எடம் எங்க இருக்கு? ரத்தத்துலயேதான் சுத்திக்கிட்டுக் கெடக்கும்.

தனியாளுன்னு நெனைச்சு வெக்கப்படாத. 2020-ல நம்ம தமிழ்நாட்டுல ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க. பிரஷர் இருக்குற நூறு பேருல அதைக் கட்டுக்குள்ள வெச்சிருந்தவங்க ஏழு பேருதான். சுகர்காரங்க நூத்துக்குப் பதினொண்ணு. மிச்சப் பேரு எல்லாம் உன் கட்சி. சொல்லப்போனா உலகமே உன் கட்சிதான். பணக்கார நாட்டுலயே, ரொம்ப நாளைக்கு மருந்து சாப்புட வேண்டியவங்கள்ல பாதிப் பேருதான் ஒழுங்கா சாப்புடுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2003-லயே எழுதி வெச்சிருக்கு. அமெரிக்காக்காரனும் உன்னை மாதிரிதான் மாத்திரைய மேசை டிராயருக்குள்ள போட்டு மூடுறான். என்ன, உன்னுது அரிசி டின்னு.

இப்படி ஊரே ஏமாத்துதேன்னுதான் அரசாங்கம் மாத்திரைய வீட்டு வாசலுக்கே அனுப்ப ஆரம்பிச்சுது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வெச்சாரு, மக்களைத் தேடி மருத்துவம். 2024-ல ஐக்கிய நாடுகள் சபையில அதுக்கு விருதும் குடுத்தாங்க. விருது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு வருதே ஒரு பொண்ணு, அதைப் பத்தி. மகளிர் குழுவுலேர்ந்து வந்த பொண்ணு. வெயில்ல வருது, பிரஷர் பாக்குது, விரல்ல குத்திச் சுகர் பாக்குது, மாத்திரைய எண்ணிக் குடுத்துட்டுப் போவுது. முன்னெல்லாம் மாத்திரை வாங்க ஒரு நாளு கூலி போச்சு, பஸ்ஸுக்குக் காசு போச்சு, ஆஸ்பத்திரி வரிசையில காலு போச்சு. நிறுத்துனவனைக் கேட்டா, ‘அலைய முடியலைங்க’ன்னு சொல்ல ஒரு நியாயம் இருந்துச்சு. பாவி மக, அந்த நியாயத்தைப் புடுங்கிட்டா. இப்ப நீ புதுசா ஒண்ணு கண்டுபுடிக்கணும்.

கண்டுபுடிச்சுட்டியே. அந்தப் புள்ள வந்து, ‘அண்ணே, போன தடவை குடுத்தது தீந்துச்சா?’ன்னு கேக்கும். ‘தீந்துருச்சும்மா, வேளை தவறாம போடுறேன்’னு சொல்லுவ. உம் பொண்டாட்டி அடுப்படியிலேர்ந்து இருமுவா. உங்க வீட்டு அரிசி டின்னுல அரிசிக்கு மேல மாத்திரை அட்டைதான் கெடக்குதாம், உங்கத்தைகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தா.

இப்ப பெரிய வித்தைக்கு வருவோம். டெஸ்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி சோத்தைக் கொறைச்சு, டீக்குச் சர்க்கரைய நிறுத்தி, காலையில எந்திரிச்சு நாலு ரோடு வரைக்கும் வெறுவெறுன்னு நடக்குறது. சிலரு அந்த ரெண்டு நாளு மட்டும் மாத்திரையும் போட்டுக்குவாங்க. அப்பறம் போயி ரத்தம் குடுத்தா நம்பரு அழகா வரும். டாக்டரு சிரிப்பாரு, நீயும் சிரிப்ப, வர்ற வழியில புரோட்டா கடையில நின்னு அந்தச் சந்தோசத்தைக் கொண்டாடுவ. ஆனா ஒரு பாழாப்போன டெஸ்டு இருக்கு மாப்ள, மூணு மாச சர்க்கரைன்னு சொல்றாங்க பாரு, அது. ரத்தத்துல இருக்குற சிவப்பணு சுமாரா 120 நாளு உசிரோட இருக்குமாம். அத்தனை நாளும் நீ தின்னது, குடிச்சது, போடாம விட்டது எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி சர்க்கரை அது மேல ஒட்டிக்கிட்டே போவும். நீ ரெண்டு நாளு பட்டினி கெடந்ததை அது ஒரு பொருட்டாவே எடுத்துக்காது. தீவாளி, தங்கச்சி மக சடங்கு, கெடா வெட்டு, எல்லாம் அதுல இருக்கும். கல்யாண மொய் நோட்டுலகூட அவ்வளவு சரியா கணக்கு இருக்காது.

சரி, மாட்டிக்கிட்ட. அப்பவும் டாக்டர்கிட்ட என்ன சொல்லுவ? ‘மாத்திரை தவறாமதாங்க போடுறேன்.’ அங்கதான்யா இருக்கு வெவகாரம். காது குடுத்துக் கேளு.

பக்கத்து ஊருல ஒரு பெரிய மனுசன். பேரு எதுக்கு, உனக்கும் சொந்தம்தான். மொதல்ல அவருக்கு மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை ஒரு வேளைதான் குடுத்தாங்க. கொறையல. போட்டாத்தானே கொறையும்? டாக்டரு, ‘போடுறீங்களா?’ன்னு கேட்டாரு. இவரு, ‘சாமி சத்தியமா’ன்னாரு. டாக்டரு படிச்ச மனுசன், நம்புனாரு. போட்டும் கொறையலைன்னா மருந்து பத்தலைன்னுதானே அர்த்தம்? ரெண்டு வேளையாக்குனாரு. அதுக்கும் கொறையல. கிளிமிபிரைடுன்னு இன்னொண்ணைச் சேத்தாரு. அதுவும் அட்டையில பத்திரமாத்தான் இருந்துச்சு. அப்பறம் அந்தக் கிளிமிபிரைடையும் ரெண்டு மடங்காக்குனாரு. சீட்டுல மருந்து ஏறிக்கிட்டே போவுது, வயித்துக்குள்ள ஒண்ணும் எறங்கல.

அந்த நேரம் பாத்துத் திருப்பூருலேர்ந்து மக வந்துச்சு. அப்பன் மேல உசிரு. மாத்திரைய ஒளிச்சு வெச்சிருந்த டின்னைத் தொறந்து பாத்துச்சு, ஒப்பாரி வெச்சுச்சு. மறுநாளு காலையில சீட்டைக் கையில புடிச்சுக்கிட்டு, எழுதியிருக்குறது அத்தனையும் பக்கத்துல நின்னு முழுங்க வெச்சுச்சு. மனுசன் முழுங்கிட்டு, ‘சாப்பாடு அப்பறம் கொண்டா’ன்னு சொல்லிட்டு வெங்காயப் பட்டறை போடப் போயிட்டாரு. மணி பத்து இருக்கும். வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. பொண்டாட்டியைப் பாத்து, ‘நீ யாரு?’ன்னு கேக்குறாரு. ஒருத்தன், ‘காலையிலயே ஊத்திட்டாருடா’ன்னான். இன்னொருத்தன், ‘பனை மரத்தடியில போனாரு, முனி அடிச்சிருச்சு’ன்னான். நம்ம சனத்துக்குச் சுகரு ஏறுனாத்தான் நோயி, எறங்குனா பேயி. வேப்பிலை ஒடிக்க ஆளு போயிட்டான். அந்தப் பையி தூக்குற பொண்ணு நல்ல வேளையா அந்தத் தெருவுலதான் இருந்துச்சு. ஓடியாந்து விரல்ல குத்திப் பாத்தா 42. எழுவதுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு சொல்றாங்க.

மூணு ஸ்பூன் சர்க்கரையத் தண்ணியில கரைச்சுக் குடுத்துச்சு. முழுங்குற நெனவு இருந்துச்சு, அதனால குடுத்துச்சு. நெனவு இல்லைன்னா வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, பொரை ஏறிடும். நேரா 108-க்குப் போன் போட வேண்டியதுதான். கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாத்துச்சு, ஏறலைன்னு இன்னொரு தரம் குடுத்துச்சு. மனுசன் தெளிஞ்சு, ‘எதுக்குடா கூட்டம்?’னாரு. தெளிஞ்சுட்டாரே, வீட்டுக்குப் போலாம்னு எல்லாரும் கெளம்புனாங்க. அந்தப் பொண்ணு விடல. கிளிமிபிரைடு வகையறா மருந்து ஒடம்புல ரொம்ப நேரம் வேலை செய்யுமாம், ஏத்துன சர்க்கரைய மறுபடி எறக்கிடுமாம். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில வெச்சிருந்துதான் அனுப்புனாங்க.

பாத்தியா? அவரு சொன்ன பொய்யத்தான் டாக்டரு மருந்தா எழுதிக் குடுத்தாரு. அந்த மருந்தை ஒரு நாளு நெசமாவே முழுங்குனதுதான் குத்தம். வருசக்கணக்கா முழுங்காதவரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு! (இப்படிச் சொன்னா உனக்குச் சந்தோசமா இருக்குமே. அந்த வருசமெல்லாம் கண்ணுலயும் கிட்னியிலயும் என்ன நடந்துச்சுங்கறதை அவரே சொல்லட்டும்.)

அதனால டாக்டரை ஏமாத்தணும்னு முடிவு பண்ணிட்டீன்னா, வேற எதுல வேணா ஏமாத்து. மூக்குப்பொடி போடலைன்னு சொல்லு, நடக்குறேன்னு சொல்லு, கெழவன் அறிவுரை எல்லாம் கேக்குறேன்னு சொல்லு. மாத்திரை கணக்குல மட்டும் உள்ளதைச் சொல்லிடு. ‘ஐயா, வாரத்துக்கு ரெண்டு நாளுதான் போட்டேன்’னு சொன்னா மனுசன் கத்துவாரு. கத்திட்டு, மருந்தை ஏத்தாம அதே அளவுல எழுதிக் குடுப்பாரு. இத்தனை நாளு போடாத பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் திடீருன்னு ஒரு நாளு புத்தி வந்து மொத்தமா ஆரம்பிக்காத, கேட்டுட்டு ஆரம்பி. காலையில மறந்ததை ராத்திரிக்குச் சேத்து ரெண்டாப் போடுறதும் வேண்டாம். அது வட்டிக் கடன் இல்ல, பாக்கியச் சேத்துக் கட்டுறதுக்கு.

நீ ஏன் நிறுத்துறன்னும் எனக்குத் தெரியும். சும்மா சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரை ஒடம்புல ஏதோ பண்ணுது. உண்மைதான், பண்ணுது. அம்லோடிபின்னு ஒரு பிரஷர் மாத்திரை, அதைப் போட்டா செலருக்குக் கணுக்காலு வீங்கும். நம்ம ஆளு அதைப் பாத்துட்டு, ‘கிட்னி போச்சு’ன்னு தானே முடிவு பண்ணி, தானே நிறுத்திட்டு, தானே தைரியமாத் திரிவான். எனலாபிரில்னு இன்னொரு பிரஷர் மாத்திரை, அதைப் போட்டா செலருக்கு வறட்டு இருமல் வரும். அரியலூருப் பக்கம் ஒருத்தரு மாசக்கணக்கா இருமிட்டு, சிமெண்டு ஆலைத் தூசின்னாரு, சுண்ணாம்புக்கல் லாரின்னாரு, சளி மருந்து பாட்டில் பாட்டிலாக் குடிச்சாரு. கடைசியில அந்த ஒரு மாத்திரைய மாத்துன பெறகு கொஞ்ச நாளுல இருமல் நின்னுச்சு. லாரிக்காரன் பாவம், அவன் மேல வேற எத்தனையோ குத்தம் இருக்கு, இது மட்டும் அவன் பண்ணல. மெட்ஃபார்மின் வெறும் வயித்துல போட்டா வயித்தைக் கலக்கும்; சோத்தோட போட்டா பெரும்பாலும் அடங்கிடும். வருசக்கணக்கா அதைப் போடுறவங்களுக்கு பி12 சத்து கொறையலாம், காலு மதமதன்னு ஆகும். சுகர்னாலயும் மதமதப்பு வரும். ரெண்டுல எதுன்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும், திண்ணையில ஒக்காந்து நாம பேசுனா தெரியாது. ஒண்ணுக்கு அதிகமா போற மாத்திரைய ராத்திரி போட்டுட்டுத் தூக்கம் போச்சுன்னு பொலம்புறவன் இருக்கான். டாக்டர்கிட்ட கேட்டு அதைக் காலையில மாத்திக்கிட்டா தீந்துச்சு. பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுக்கையிலேர்ந்து வெடுக்குன்னு எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும், கட்டுலு ஓரத்துல செத்த ஒக்காந்துட்டு எந்திரிக்கணும். தைராய்டு மாத்திரைய உங்கம்மா காப்பியோட முழுங்குதே, அது ஒடம்புல சரியாச் சேராது. வெறும் தண்ணியில போட்டுட்டு, காப்பிக்கு ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லு. உங்கம்மா காப்பிக்குப் பொறுக்குமா? என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா. சொல்லித்தான் பாரேன்.

இன்னொண்ணு இருக்கு. உங்கத்தை உள்ளதான் இருக்கா, மெதுவாச் சொல்றேன். ஆம்பளைங்க நெறைய பேரு மாத்திரைய நிறுத்துறது அந்த விசயத்துக்காகத்தான். ராத்திரி விசயம். ‘பிரஷர் மாத்திரை போட்டதுலேர்ந்து சரியில்ல’ன்னு டாக்டர்கிட்ட சொல்ல வாயி வராது, அதுலயும் லேடி டாக்டரா இருந்தா கேக்கவே வேண்டாம். பேசாம நிறுத்திடுவான். செல மாத்திரை அப்படிப் பண்ணும்தான், அதுக்கு மாத்து மருந்து உண்டு. ஆனா கட்டுக்கடங்காத சுகரு இருக்கே, அது நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்து அதைவிடப் பெருசா வெக்கும் வேட்டு. மாத்திரைய நிறுத்தி மானத்தைக் காப்பாத்தப் போறேன்னு கெளம்புனவன் ரெண்டையும் விட்டுட்டு வந்த கதை எனக்கு நெறைய தெரியும். வேணும்னா ஒரு நாளு சாவகாசமாச் சொல்றேன்.

‘இங்கிலீஷ் மாத்திரை போட்டா கிட்னி போயிடும் மாமா’ன்னு சொல்லுவியே, அதுக்கு வர்றேன். கிட்னிய அரிக்கிறது உன் சுகரும் பிரஷரும். அதுக்குக் குடுக்குற மாத்திரை காவலுக்குத்தான் நிக்குது. ஆனா நீ பயப்பட வேண்டிய மாத்திரை ஒண்ணு நெசமாவே இருக்கு, அதை மட்டும் நீ தேடிப் போயி வாங்கித் திங்குற. முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல போயி, ‘அண்ணே, மூணு வேளைக்குச் செட்டு போட்டுக் குடு’ன்னு நிப்ப பாரு. செட்டு! மஞ்சள்ல ஒண்ணு, செவப்புல ஒண்ணு, வெள்ளையில ரெண்டு, காகிதத்துல மடிச்சு. என்ன மாத்திரைன்னு நீயும் கேக்க மாட்ட, அவனும் சொல்ல மாட்டான். ஒரே நாளுல வலி பறந்துரும், ‘அவன் கை ராசி’ன்னு ஊரெல்லாம் பேச்சு. அதுல பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும். அது பிரஷரை ஏத்தும், வயித்தைப் புண்ணாக்கும், கிட்னிக்குப் போற ரத்தத்தைக் கொறைக்கும். எனலாபிரிலு, ஒண்ணுக்குப் போற மாத்திரை, அதுக்கு மேல இந்த வலி மாத்திரை, மூணும் ஒரே வயித்துல சேந்து, சித்திரை வெயில்ல தண்ணி குடிக்காம மக்காச்சோளக் காட்டுல நின்னீன்னா கிட்னி படுத்துரும். அப்பறம் ரத்தத்துல ‘உப்பு ஏறிருச்சு’ன்னு சொல்லுவாங்க. செல செட்டுல ஸ்டீராய்டும் இருக்கும். அது பசியைத் தூண்டும், முகத்தை உப்ப வெக்கும், சுகரைச் சர்ருன்னு ஏத்தும். நீ, ‘செட்டு போட்டதுலேர்ந்து ஒடம்பு தேறிருச்சு மாமா, கன்னம் வெச்சிருக்கு’ன்னு மீசைய முறுக்குற. கன்னம் இல்லய்யா அது.

வலிக்குதுன்னா சொல்லு, பாராசிட்டமால் இருக்கு, ஒத்தடம் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி குடுக்கிறாங்க, இயன்முறை மருத்துவம்னு பேரு. அதுல வலி உடனே போவாது. மெடிக்கல்காரன் குடுக்குறதுல உடனே போவும். உனக்கு எது வேணும்னு நீயே பாத்துக்க.

அப்பறம் யூடியூப்பு. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடி. எல்லாம் எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருக்குறதுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா மாத்திரையும் போட்டு, பொடியும் அள்ளிப் போட்டுக்கிட்டு, பொடிய டாக்டருக்குத் தெரியாம பாத்துக்குற பாரு, அதுதான் தப்பு. பொடியும் சேந்து எறக்குனா மறுபடி அந்தப் பட்டறை கதைதான். ‘இங்கிலீஷ் மருந்து சூடு, பச்சிலைதான் குளிர்ச்சி’ன்னு சொல்லுவியே, கேட்டுக்க: இந்த மெட்ஃபார்மினுக்கே வேரு ஒரு பச்சிலைதான். ஐரோப்பாவுல வெளையிற ஒரு செடி. அதுல இருந்த சரக்கைப் பாத்துட்டுத்தான் அதே மாதிரி இதைச் செஞ்சாங்க. 1957-ல ழான் ஸ்டெர்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு இதைச் சுகருக்குக் குடுத்து எழுதி வெச்சாரு. பச்சிலையப் பாத்துச் செஞ்சதைத்தான் அவன் அளந்து, அட்டையில அடைச்சுக் குடுக்குறான். நீ அளக்காம கொட்டிக்குற. வித்தியாசம் அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பத்தி ரொம்பப் பேச மாட்டேன், உம் பொண்டாட்டியே பேசிடுவா. கம்பு, வரகு, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான். இந்தப் பக்கத்துப் பூமியே ஒரு காலத்துல வரகு தின்ன பூமி. ஆனா, ‘சிறுதானியம்தானே’ன்னு ஒரு மரக்கா களிய உருட்டி உள்ள தள்ளுனா சிறுதானியமும் பெருந்தானியமாயிரும். கருவாடு வேணும்னா மாசத்துக்கு ஒரு நாளு தின்னு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன் உப்புதான்னு கணக்கு. கருவாடு ரெண்டு துண்டும் ஊறுகாயும் சேந்தா அந்தக் கணக்கு காலையிலயே முடிஞ்சுரும். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் எறக்க, கருவாடு ஒரு பக்கம் ஏத்த, நடுவுல ஆட்டம் பாக்குறது நீ.

ஆடி மாசம் காப்பு கட்டி வெரதம் இருக்கப் போறியாமே. இரு, ஆத்தாளுக்குச் செய்யறதை நான் தடுக்க மாட்டேன். லெப்பைக்குடிகாட்டுல எனக்கு ஒரு சினேகிதரு இருக்காரு, பாய். வருசா வருசம் நோம்புக்கு முந்தியே டாக்டர்கிட்ட போயிருவாரு. ‘காலையில போடுறதை எப்ப போடணும், எதைக் கொறைக்கணும், எப்படி இருந்தா நோம்பைத் தொறந்துடணும்’ எல்லாத்தையும் கேட்டு எழுதி வாங்கிட்டு வருவாரு. சுகரு ரொம்ப எறங்குனா நோம்பைத் தொறக்க மார்க்கத்துலயே அனுமதி இருக்குன்னும் சொல்லுவாரு. நம்ம ஆத்தாளும் கெட்டவ இல்ல. வெரதம் இருந்து மயங்கி விழுந்து தீக்குழியில சாயணும்னு எந்தச் சாமியும் கேக்கல. நீ அன்னைக்கு வெறும் வயித்துல கிளிமிபிரைடைப் போட்டுட்டுப் பூங்கரகத்துக்குப் பின்னாடி ஆடுனா, சாமி வந்துருச்சா, சுகரு எறங்கிருச்சான்னு பூசாரிக்கே தெரியாது.

உங்கம்மாவுக்கு இன்சுலின் எழுதியிருக்காங்களா? ‘ஊசி வந்துட்டா கடைசி காலம்’னு ஒப்பாரி வேண்டாம், மாத்திரையில அடங்காதப்ப குடுக்குறது அது, அவ்வளவுதான். ஃபிரிஜ் இல்லைன்னா புதுப் பானையில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள சின்னச் சட்டிய மெதக்காம நிறுத்தி, மருந்தைப் பிளாஸ்டிக் பையில சுத்தி வையி. பானைய நெழல்ல வையி, பொழுதன்னைக்கும் ஈரமா வெச்சுக்க. பிரிச்ச மருந்துக்கு அது போதும். பிரிக்காதது மட்டும் யாரு வீட்டு ஃபிரிஜ்லயாவது இருக்கட்டும். ஐஸ் பொட்டியில போட்டுடாத, உறைஞ்சா வீணு.

காசு இல்லை, தூரம்னு எதையும் சொல்ல முடியாதபடி பண்ணிட்டானுவ மாப்ள. கெவருமெண்டு ஆஸ்பத்திரியில மாத்திரை சும்மா. வெளியில வாங்கணும்னா 2025 பிப்ரவரியில முதல்வர் மருந்தகம்னு ஆயிரம் கடை தொறந்திருக்காங்க, வெல கொறைச்சல். முந்தியெல்லாம் கொஞ்சம் பெரிய வியாதின்னா திருச்சிக்கு பஸ் ஏறணும். 2022 ஜனவரியிலேர்ந்து அரியலூர்லயே மருத்துவக் கல்லூரி இருக்கு. பெரம்பலூரானாச்சேன்னு ரோசப்படாம ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

இப்ப சொல்றதைச் செய்யி. வீட்டுல இருக்குற அத்தனை அட்டையையும் ஒரு மஞ்சப் பையில அள்ளு. டின்னுல இருக்குறது, பரண் மேல இருக்குறது, மெடிக்கல் செட்டு, அந்தப் பொடி டப்பா, எல்லாம். உங்கம்மாளுதையும் உன்னுதையும் கலந்துடாத. ஏற்கனவே ஒரு வாட்டி தைராய்டு மாத்திரைய நீ முழுங்கிட்டு, ‘சுகரு கொறைஞ்சு சுறுசுறுப்பா இருக்கு’ன்னு சொன்னவன். பைய அப்படியே டாக்டரு மேசையில கொட்டு. ‘இதுல எதெல்லாம் போட்டேன், எதெல்லாம் போடலை’ன்னு சொல்லு. திட்டுவாரா? திட்டுவாரு. தலைய ஆட்டு. காலையும் காட்டு. வெரல் இடுக்குல புண்ணு இருக்கு, நீ செருப்பு மாட்டுறப்பவே பாத்துட்டேன், உனக்குத்தான் இன்னும் வலிக்கல. சுகர்க் காலுக்குன்னு எம்.சி.ஆர். செருப்பு இருக்கு, அதையும் கேட்டு வாங்கு.

டவுனுக்குப் போறதுதான் போற, வரும்போது எனக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கியா. கொட்டைப்பாக்கும் வாங்கு. போயலை வேண்டாம். வேண்டாம்னு சத்தமாத்தான் சொல்றேன், உங்கத்தை கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா.